லூக்கா கொமேரியோ: அதிகாரத்தின் பக்கத்தில் நின்ற கேமரா

கேள்வி இது: "ஆவணப்பட வகுப்பு ஒன்றில் லூக்கா கொமேரியோ என்ற இத்தாலிய ஒளிப்பதிவாளரின் பெயர் வந்தது. அவர் முன்னோடி என்றார் ஆசிரியர். போர்ப் பிரச்சாரப் படம் எடுத்தவர் என்றார் இன்னொருவர். அவர் யார், என்னென்ன எடுத்தார், அவரை எப்படிப் புரிந்துகொள்வது?"

இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் அவர் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கொமேரியோ 1878 நவம்பரில் மிலான் நகரில் பிறந்தார். 1940 ஜூலையில், மிலானுக்கு வடக்கே மொம்பெல்லோ என்ற இடத்திலிருந்த மனநல மருத்துவமனையில் இறந்தார். இந்த அறுபத்தோரு ஆண்டுகளில் அவர் மன்னரைப் படமெடுத்தார், நிலநடுக்கத்தில் அழிந்த நகரத்தை எடுத்தார், லிபியப் படையெடுப்பை எடுத்தார், முதல் உலகப் போரை மூவாயிரம் மீட்டர் உயரப் பனிமலையில் ஏறி எடுத்தார். இத்தாலியின் முதல் பெரிய சினிமா நிறுவனங்களில் ஒன்றுக்கு அடித்தளமும் போட்டார். கடைசியில் கையில் காசும் இல்லை, மனதில் நினைவும் இல்லை. நான் அவரைப் பற்றிப் படித்தவரை, படங்களைப் பார்த்தவரை, அவர் ஏற்றத்துக்கும் சரிவுக்கும் காரணம் ஒன்றேதான்: அனுமதி. மற்றவர்களை விடாத இடத்தில் அவரை விட்டார்கள். அதை அவர் எப்படிச் சம்பாதித்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார், எப்போது இழந்தார் என்று பார்த்தாலே மனிதர் புரிந்துவிடுவார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இன்று ஒளிப்பதிவாளர் என்றால் இயக்குநர் சொல்வதற்கு ஒளியமைத்துத் தருபவர் என்று நினைக்கிறோம். 1900களின் இத்தாலியில் 'ஒப்பெரத்தோரே' என்று அழைக்கப்பட்டவர் அப்படிப்பட்டவர் கிடையாது. எங்கே போவது என்று அவரே முடிவு செய்வார். முக்காலியைத் தோளில் தூக்கிப் போவார், கைப்பிடியைச் சுற்றுவார், நெகட்டிவைக் கழுவுவார், வெட்டி ஒட்டுவார், பல நேரம் பிரிண்ட் போட்டு விற்பதும் அவரே. கேமராவில் மோட்டார் கிடையாது. நொடிக்கு இரண்டு சுற்று, ஒரு சுற்றுக்கு எட்டு ஃப்ரேம், ஆகப் பதினாறு. பக்கத்தில் குண்டு விழுந்தாலும் கை அதே வேகத்தில் சுற்ற வேண்டும். கை பதறினால் திரையில் ஆட்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அறுபது மீட்டர் பிலிம் இந்தக் கணக்கில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவுதான். அப்புறம் இருட்டுப் பையில் கைவிட்டு மாற்ற வேண்டும். கொமேரியோவின் ஒவ்வொரு காட்சிக்குப் பின்னாலும் இந்த உடலுழைப்பு இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் வெளியே தெரிந்தது சினிமாவால் அல்ல, புகைப்படத்தால். 1898 மே மாதம். ரொட்டி விலை ஏறி இத்தாலி முழுவதும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மே 6ஆம் தேதி மிலானில் பிரெல்லி ஆலைப் பகுதியில் தொடங்கிய மோதல் நகரம் முழுக்கப் பரவியது. மறுநாள் நகரம் ராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குப் போனது. ஜெனரல் பாவா பெக்காரிஸ் தெருவில் நின்ற மக்கள்மேல் பீரங்கியைத் திருப்பினார். அரசுக் கணக்குப்படியே சுமார் 80 பேர் இறந்தார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்று எதிர்த்தரப்பு சொன்னது. பிச்சைச்சோறு வாங்க வந்தவர்கள் இருந்த கப்புச்சின் துறவிகளின் மடம் ஒன்றின்மீதும் பீரங்கி சுட்டது. அப்போது கொமேரியோவுக்கு வயது பத்தொன்பது. கேமராவோடு தெருவில் இறங்கினார். அவர் எடுத்த படங்கள் நாட்டின் பெரிய படப் பத்திரிகையான 'லில்லுஸ்த்ரட்சியோனே இத்தாலியானா'வில் வெளிவந்தன.

கலவரம் நடக்கும்போதே தெருவில் நின்று எடுத்த படங்கள் அன்று அபூர்வம். அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராணுவம் பிடித்து வைத்திருக்கும் தெருவில் முக்காலியை நிறுத்த வேண்டுமென்றால் ராணுவம் சம்மதிக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் படம் பதியும் அன்றைய பெரிய கேமராவை ஒளித்து வைத்துக்கொண்டு எடுக்க முடியாது. படை நிற்கும் பக்கத்தில் நின்றால்தான் எடுக்கலாம். அந்த இளைஞன் அன்று கற்றுக்கொண்ட பாடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் அவர் எடுத்த எல்லாவற்றிலும் இதே நிலைப்பாடுதான்.

அந்த ஜெனரலுக்கு மன்னர் உம்பெர்த்தோ உயர்ந்த பதக்கம் அளித்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1900 ஜூலை 29 அன்று, மோன்சா நகரில் கயெத்தானோ பிரெஷி என்பவர் மன்னரைச் சுட்டுக் கொன்றார். மிலானில் செத்தவர்களுக்குப் பழி என்றார். மகன் மூன்றாம் வித்தோரியோ எம்மனுவேலே அரியணை ஏறினார். மிலானில் ஸ்டுடியோ வைத்து நடத்திக்கொண்டிருந்த கொமேரியோ இந்தப் புதிய மன்னரின் காலத்தில் அரண்மனைப் புகைப்படக்காரர் ஆனார். மன்னர் போகும் இடம், அணிவகுப்பு, திறப்பு விழா, ராணுவப் பயிற்சி என்று எங்கும் அவருக்கு முன்வரிசையில் இடம்.

லூமியேர் சகோதரர்களின் கருவி 1896 மார்ச்சிலேயே மிலானுக்கு வந்துவிட்டது. ஆனால் இத்தாலியில் சினிமா ஒரு தொழிலாக வேர்விட இன்னும் பத்து ஆண்டு ஆனது. ரோமில் சீனெஸ், டூரினில் அம்ப்ரோசியோ ஆகிய நிறுவனங்கள் 1906 வாக்கில் எழுந்தன. மிலானில் அந்த வேலையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் கொமேரியோ. 1907இல் தன் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது பெரிய முதலீட்டோடு 'சாஃபி கொமேரியோ' ஆனது. இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகத்தைப் படமாக்கும் வேலை அங்கேதான் ஆரம்பித்தது, மாதிரிக் காட்சிகள் சில 1909இல் மிலானில் நடந்த ஒரு போட்டியில் காட்டப்பட்டன. ஆனால் அதே 1909இன் முடிவில் மிலானின் பிரபுக் குடும்பங்கள் நிர்வாகத்தைக் கையில் எடுத்து, பெயரை 'மிலானோ ஃபிலிம்ஸ்' என்று மாற்றின. பலகையிலிருந்து கொமேரியோவின் பெயர் போனது. கொஞ்ச நாளில் அவரும் வெளியேறினார். 1911 மார்ச்சில் அந்தத் தாந்தே படம் 'லின்ஃபெர்னோ' (நரகம்) என்ற பெயரில் நேப்பிள்ஸில் திரையிடப்பட்டு உலகம் முழுக்க ஓடியபோது அந்தப் புகழ் மற்றவர்களுக்குப் போனது.

கதைப் படத்தில் நீடித்திருந்தால் அவர் வேறு மாதிரி ஆகியிருப்பாரா என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மனம் வெளியே நடப்பதில்தான் இருந்தது. 1908 டிசம்பர் 28 அதிகாலையில் மெசினா நகரமும் எதிர்க்கரையில் ரெஜ்ஜோ கலாப்ரியாவும் நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி, சுமார் 80,000 பேர் மாண்டபோது, ஸ்டுடியோ முதலாளியாக இருந்த அவர் தெற்கே கிளம்பிப் போனார். இடிபாடு, மீட்புப் படை, வீடிழந்து நிற்கும் மக்கள். அந்த நாட்களில் மெசினாவை எடுத்தவர்கள் வேறு சிலரும் உண்டு. செய்தி நடந்த இடத்துக்குக் கேமரா ஓட வேண்டும் என்ற பழக்கம் இத்தாலியில் அப்போதுதான் உருவானது. அதை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர்.

இனி லிபியா. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1911 செப்டம்பர் 29 அன்று இத்தாலி ஒட்டோமான் பேரரசின்மீது போர் அறிவித்தது. திரிப்போலியையும் அதைச் சுற்றிய கடற்கரையையும் பிடிப்பதுதான் நோக்கம். பழைய ரோமானியர்களின் நிலத்துக்குத் திரும்புகிறோம் என்று உள்நாட்டில் பேச்சு. நவம்பர் 1ஆம் தேதி ஜூலியோ கவோத்தி என்ற இத்தாலிய விமானி தன் விமானத்திலிருந்து சிறு குண்டுகளை வீசினார். வானிலிருந்து விமானம் குண்டு போட்ட முதல் போர் அது. சினிமாக் கேமராக்கள் கூட்டமாகப் போன முதல் போர்களிலும் ஒன்று. கொமேரியோவும் போனார். கப்பலில் ஏறும் படை, பாலைவனத்தில் பதுங்குகுழி, குதிரைப் படை, பீரங்கி வரிசை. ஊரில் இருந்த குடும்பங்கள் தங்கள் பிள்ளை தெரிகிறானா என்று திரையைப் பார்த்தன.

அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 23 அன்று, திரிப்போலிக்கு வெளியே ஷாரா ஷாத் என்ற சோலைப் பகுதியில் இத்தாலியப் படை எதிர்பாராத தாக்குதலில் பெரும் இழப்பைச் சந்தித்தது. அடுத்த நாட்களில் படை சோலைக்குள் நுழைந்து பழிவாங்கியது. ஆயுதம் இல்லாத அரபு மக்கள் நிறையப் பேர் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்த அயல்நாட்டு நிருபர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். பிரான்சிஸ் மக்கல்லா என்ற ஐரிஷ் நிருபர் ஒரு படி மேலே போய், தனக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிச்சீட்டையே இத்தாலியத் தளபதி கனேவாவுக்குத் திருப்பித் தந்துவிட்டார். இத்தாலிய அரசு எல்லாவற்றையும் மறுத்தது.

கொமேரியோ தன் அனுமதிச்சீட்டைத் திருப்பித் தரவில்லை. தொடர்ந்து படமெடுத்தார். அவரைப் பிரச்சாரகர் என்று சொல்பவர்களின் வழக்கு இதில்தான் வலுவாக நிற்கிறது. படை எதைக் காட்ட விரும்பியதோ அதைக் காட்டும் இடத்தில்தான் அவர் கேமரா நின்றது. அவர் ஒரு தேசியவாதி, போரை நம்பியவர். அதை மழுப்பத் தேவையில்லை. ஆனாலும் அவர் எடுத்த பிலிம் இல்லையென்றால் அந்தப் படையெடுப்பு எப்படி இருந்தது, படை தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்று நாம் கண்ணால் காண முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் அவரைப் பற்றி நேர்மையாகப் பேச முடியும்.

அவர் தலைமுறையின் இன்னும் இரண்டு பேரை இங்கே சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இருவரும் டூரின்காரர்கள், அம்ப்ரோசியோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். ஜோவானி விட்ரோட்டி ரஷ்யா வரை போய், கவ்கசஸ் மலைகளில் கதைப் படங்கள் எடுத்தார். பின்னாளில் ஜெர்மனியிலும் வேலை செய்தார். ராபெர்த்தோ ஒமேஞா அறிவியல் பக்கம் போனார். 1908இல் கமில்லோ நேக்ரோ என்ற நரம்பியல் மருத்துவருடன் சேர்ந்து நோயாளிகளின் அசைவுகளைப் பதிவு செய்தார். 1911இல் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கையைப் பற்றிய அவர் படம் டூரின் கண்காட்சிப் போட்டியில் பரிசு பெற்றது. ஒரே தொழில், ஒரே கருவி, மூன்று திசைகள். ஒமேஞாவின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் வருவார்.

1915 மே 24 அன்று இத்தாலி உலகப் போரில் இறங்கியது. தலைமைத் தளபதி கடோர்னாவுக்குப் பத்திரிகைக்காரர்களையே பிடிக்காது, கேமராவைக் கேட்கவே வேண்டாம். போர்முனைக்குப் போகத் தனியாருக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருந்தது. அரண்மனைத் தொடர்பும் லிபிய அனுபவமும் இருந்த கொமேரியோவுக்குத் திறந்தது. அங்கே அவர் எடுத்தவற்றுள் தலைசிறந்தது 1916இல் வந்த அடமெல்லோ படம். தலைப்பின் பொருள் 'அடமெல்லோவில் 3,000 மீட்டரில் இத்தாலியின் போர்'.

அடமெல்லோ ஆல்ப்ஸ் மலையில் லொம்பார்திக்கும் ட்ரென்டினோவுக்கும் நடுவிலுள்ள பனிப்பாறைத் தொகுதி. ஒரு பக்கம் இத்தாலியின் மலைப்படையான ஆல்பீனி, எதிரே ஆஸ்திரியர்கள். குண்டில் செத்தவர்களோடு பனிச்சரிவிலும் குளிரிலும் செத்தவர்களும் ஏராளம். 1916 பிப்ரவரியில் தெமூ என்ற பள்ளத்தாக்கு ஊரிலிருந்து சுமார் ஆறு டன் எடையுள்ள 149 மி.மீ. பீரங்கி ஒன்றைச் சறுக்குக் கட்டைகளில் ஏற்றி, கயிறு கட்டி, மனிதர்களே இழுத்துக்கொண்டு மேலே போனார்கள். வெனெரோகோலோ கணவாயை எட்டியபோது ஏப்ரல் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு அதை இன்னும் மேலே, க்ரெஸ்தா க்ரோச்சே முகட்டுக்குக் கொண்டு போனார்கள். சுமார் 3,276 மீட்டர். போர் முடிந்ததும் அதைக் கீழே இறக்க யாரும் முயலவில்லை. இன்றும் அங்கேயே கிழக்கு நோக்கி நிற்கிறது. மலையேறுபவர்கள் போய்த் தொட்டுப் பார்க்கிறார்கள்.

அந்த வசந்தத்தில், அந்த மலையில்தான் கொமேரியோ கேமராவோடு இருந்தார். ஒளிப்பதிவு தெரிந்தவர்களுக்கு அந்தச் சூழலின் கஷ்டம் உடனே விளங்கும். உறைகுளிரில் கேமராவின் எண்ணெய் கெட்டியாகிவிடும், கைப்பிடி சுற்றாது. பிலிம் விறைத்து முறியும். லென்சுக்குப் பின்னால் பிலிம் ஓடும் 'கேட்' என்ற சட்டத்துக்குள் பிலிம் உரசும்போது எழும் மின்பொறி, மரக்கிளை மாதிரிக் கோடுகளை நெகட்டிவில் பதித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் அன்றைய பிலிமுக்குச் சிவப்பு நிறமே தெரியாது. நீலத்தை அளவுக்கு மீறி வாங்கும். அதனால் நீல வானம் வெள்ளையாக விழும். பனியும் வெள்ளை, வானமும் வெள்ளை, ஆல்பீனிகள் மறைவுக்காகப் போட்டிருந்த மேலாடையும் வெள்ளை. மூன்றையும் பிரித்துக் காட்ட எதுவும் இல்லை.

கொமேரியோ இந்தக் குறையையே தன் சட்டகமாக்கிக்கொண்டார். கேமராவைத் தள்ளி வைத்து, வெற்று வெள்ளையில் எறும்புச் சாரை போல ஏறும் மனிதர்களை எடுத்தார். தொடுவானம் எங்கே என்றே தெரியாது. ஆட்கள் அந்தரத்தில் நடப்பது மாதிரி இருக்கும். வீரத்தைக் காட்டத்தான் அவர் எடுத்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் மனதில் நிற்பது மனிதர்கள் எவ்வளவு சிறியவர்கள் என்பதுதான். இதை அவர் உத்தேசித்தாரா என்று சொல்ல முடியாது. ஆனால் கண் நல்ல கண். வெள்ளைப் பரப்பில் எங்கே ஒரு கறுப்புப் புள்ளியை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இஸோன்ஸோ ஆற்றங்கரையில் ஆறாவது சண்டை நடந்தது. கொரீட்சியா நகரம் இத்தாலியர் கைக்கு வந்தது. போர் தொடங்கியதிலிருந்து இத்தாலி கண்ட முதல் பெரிய வெற்றி. விலை மிகக் கடுமை: இத்தாலியத் தரப்பில் மட்டும் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 50,000 பேர். கொமேரியோவின் கேமரா அங்கேயும் இருந்தது. உடைந்த வீடுகள், நீண்ட கைதி வரிசை, நகருக்குள் நுழையும் படை. திரையரங்குகளில் கைதட்டல். போர்முனைச் சிப்பாய்கள் தங்களுக்குள் பாடிக்கொண்ட ஒரு பாட்டு அதே கொரீட்சியாவைச் சபித்தது. அந்தப் பாட்டு இன்றும் இத்தாலியில் பாடப்படுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த வெற்றியின் முழு வடிவம் தெரியும்.

இந்தக் காட்சிகளில் எது நிஜம், எது கேமராவுக்காக நடித்துக் காட்டியது? அடிக்கடி எழும் கேள்வி. அதே 1916 ஆகஸ்டில் லண்டனில் வெளியான, பிரான்சின் சொம் சண்டையைப் பற்றிய பிரிட்டிஷ் படத்தில்கூட, பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் எழுந்து பாயும் புகழ்பெற்ற காட்சி பயிற்சி இடத்தில் எடுத்தது என்று பின்னால் உறுதியானது. நான் பயன்படுத்தும் அளவுகோல் எளிமையானது: கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாய்ந்து வரும் வீரர்களின் முகம் தெரிகிறதா? அப்படியானால் கேமராக்காரரின் முதுகு எதிரியின் துப்பாக்கிக்கு நேராக இருக்கிறது. முக்காலி, பெரிய மரப்பெட்டி, அசையாமல் நிற்கும் ஆள். உண்மைச் சண்டையில் அந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. மாறாக, முதுகுகள் தெரிகின்றன, தூரத்தில் புகை மட்டும் எழுகிறது, நடப்பது பாதி புரியவில்லை என்றால் பெரும்பாலும் நிஜம். கொமேரியோவிடம் இரண்டு வகையும் உண்டு. கைதிகள், காயம்பட்டவர்கள், சுமை தூக்குபவர்கள், கஞ்சிக்கு வரிசையில் நிற்பவர்கள் ஆகிய காட்சிகளை நான் தயங்காமல் நம்புவேன். போரின் பெரும்பகுதி நேரம் அப்படித்தான் கழிந்தது, அதை யாரும் ஒத்திகை பார்த்திருக்கத் தேவையில்லை.

சினிமாவின் பலம் ராணுவத்துக்குப் புரிந்ததும் அது தனக்கென்று ஒரு படப்பிடிப்புப் பிரிவை வைத்துக்கொண்டது. 1917 முதல் போர்ப் படம் என்றால் அந்தப் பிரிவுதான் எடுக்க வேண்டும். தனியார் படப்பிடிப்பாளர்களுக்கு இருந்த கொஞ்ச இடமும் போயிற்று. தேவைப்பட்டபோது கொமேரியோவை அழைத்துக்கொண்ட அதிகாரம், கேமரா பிடிக்கத் தானே கற்றுக்கொண்டுவிட்டது.

போருக்குப் பிறகு கவிஞர் தன்னுன்ட்சியோ தன் ஆட்களோடு அட்ரியாட்டிக் கடலோர ஃபியூமே நகரைப் பிடித்து வைத்திருந்த 1919, 1920இல் கொமேரியோ அங்கே போய்ப் படமெடுத்தார். இருபதுகளில் பழைய பிலிம்களை வெட்டித் தொகுத்துப் புதிய படங்களாக்கினார். துருவ வேட்டை, ஆப்பிரிக்க வேட்டை, தூர தேசங்கள் என்று தானே எடுத்தவற்றையும் பிறரிடமிருந்து சேர்த்தவற்றையும் கோத்த 'தால் போலோ அல்லெக்வடோரே', அதாவது 'துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை', அவற்றில் ஒன்று.

1924இல் லூச்சே நிறுவனம் பிறந்தது. கல்விச் சினிமாச் சங்கம் என்பதன் இத்தாலியச் சுருக்கம் அந்தப் பெயர், சொல்லாகப் படித்தால் 'ஒளி' என்று பொருள். முசோலினியின் அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, 1926 முதல் எல்லாத் திரையரங்குகளிலும் அதன் படங்களைக் கட்டாயமாக ஓட்ட வைத்தது. செய்திப் படம் என்ற தொழிலே அரசின் ஏகபோகம் ஆனது. கொமேரியோ அங்கே வேலை கேட்டார். கிடைக்கவில்லை. முன்பு சொன்ன ஒமேஞாவுக்கு அதே லூச்சேயில் அறிவியல் படப் பிரிவின் பொறுப்பு கிடைத்தது. பூச்சிகளையும் செடிகளையும் எடுத்தவர் பல ஆண்டுகள் அங்கே அமைதியாக வேலை பார்த்தார். மன்னரையும் தளபதிகளையும் எடுத்தவருக்கு வாசலில்கூட இடமில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிற இடம். அவர் தேசியவாதத்தை ஏற்காதவன் நான். ஆனாலும் ஒரு தொழிலை உருவாக்கியவர் அந்தத் தொழிலுக்குள் நுழைய முடியாமல் நிற்பது கொடுமைதான். கடன், வறுமை, நினைவு தவறுதல், கடைசியில் மொம்பெல்லோ. அவர் கண்மூடிய 1940 ஜூலைக்குச் சில வாரம் முன்புதான் இத்தாலி அடுத்த உலகப் போரில் இறங்கியிருந்தது.

சரி, மறக்கப்பட்டவர் எப்படித் திரும்பி வந்தார்?

மிலானில் வாழ்ந்த எர்வான்ட் ஜானிக்கியான், ஆஞ்செலா ரிச்சி லுக்கி என்ற இணையர் பழைய பிலிம்களைத் தேடி அலைந்தவர்கள். மூடப்படவிருந்த மிலானின் ஒரு பிலிம் லேபில் கொமேரியோவின் பிலிம் குவியலைக் கண்டு, 1982இல் அதை வாங்கினார்கள். எல்லாம் நைட்ரேட் பிலிம். எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. எரியாமல் தப்பினாலும் காலப்போக்கில் தானாகவே பிசுபிசுத்து, பாகாகி, கடைசியில் பழுப்புத் தூளாகப் போகும். சுருங்கிப்போனதால் ஓரத்துளைகள் எந்த புரொஜெக்டரின் பல்லிலும் உட்காரவில்லை. அவற்றை ஓட்டவே முடியாது.

அதனால் அவர்கள் தாங்களே ஒரு கருவியைக் கட்டினார்கள். 'பகுப்பாய்வுக் கேமரா' என்று பெயர். பழைய பிலிமைக் கையால் மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக இன்னொரு கேமராவால் திரும்பப் படமெடுப்பது. ஃப்ரேமுக்குள்ளேயே நெருங்கிப் போகலாம், ஒரு கையை மட்டும், ஒரு கண்ணை மட்டும் எடுக்கலாம். வேகத்தைக் குறைக்கலாம். பழைய சாயங்களின் நீலத்தையும் சிவப்பையும் அழுத்தமாகக் கொண்டுவரலாம். பல ஆண்டு இப்படி உழைத்து, 1986இல் 'தால் போலோ அல்லெக்வடோரே' என்று கொமேரியோ வைத்த அதே தலைப்பில் தங்கள் படத்தை வெளியிட்டார்கள். விளக்கக் குரல் கிடையாது. கொமேரியோ கைதட்டலுக்காக வைத்த வேட்டைக் காட்சி, மெதுவாக ஓடும்போது ஒரு விலங்கு சாகும் நீண்ட நேரமாக மாறுகிறது. கன்னியாஸ்திரி ஒருவர் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் கையைப் பிடித்துச் சிலுவை போடக் கற்றுத் தரும் காட்சியில், குழந்தைகளின் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது. அவர்கள் விளக்கமாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை, வேகத்தையும் நெருக்கத்தையும் நிறத்தையும்தான் மாற்றினார்கள். கொமேரியோ பெருமையாகக் கொண்டுவந்து காட்டியது அப்படியே சாட்சியமாகத் திரும்பி நிற்கிறது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழந்தையின் முகம் நமக்குத் தெரிகிறதென்றால், முதலில் கொமேரியோ கேமராவைச் சரியான தூரத்தில் வைத்து, சரியான ஒளியில், கை நடுங்காமல் சுற்றியிருக்கிறார். மோசமான கேமராக்காரரின் பிலிமை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அதிலிருந்து முகம் வராது. அவர் நம்பிய கருத்துகளைவிட அவர் பிலிம் நிறையப் பார்த்திருக்கிறது. அதனால்தான் வகுப்பில் அவரை முன்னோடி என்று சொல்லும்போது நான் மறுக்க மாட்டேன்.

பார்க்க விரும்பினால் என் யோசனை இது. முதலில் 1916இன் அடமெல்லோ படத்தை, அது வெளிவந்த வடிவில், இடையெழுத்துகளோடு பாருங்கள். அப்புறம் ஜானிக்கியான், ரிச்சி லுக்கி இருவரும் 1998இல் செய்த 'சு துத்தே லெ வெத்தே எ பாச்சே' பாருங்கள். 'எல்லாச் சிகரங்களிலும் அமைதி' என்று பொருள், ஜெர்மன் கவிஞர் கெத்தேயின் கவிதை வரி. அதே மலை, அதே கொமேரியோவின் பிலிம். முதல் படத்தில் வரிசையாக ஏறும் ஆல்பீனிகளில் ஒருவர் கேமராப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார், நீங்கள் கவனிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். இரண்டாவதில் அந்த மாதிரித் திரும்பும் முகங்கள் திரை நிறைய, நகராமல் நின்று, நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.